லாங்ஸ்டனின் ஐந்து மாதங்கள்: ஒஹையோவிலிருந்து வர்ஜீனியா வரை ஒரு பயணம்

ஞாயிறு, ஒபர்லின்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு ஒரே ஒரு முறை போய்வந்தவர்களின் பட்டியல் மிக நீளமானது. அவர்களில் பெரும்பாலோரை அவர்களுடைய சொந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். நான் தேடி வந்திருக்கும் ஜான் மெர்சர் லாங்ஸ்டன் அந்தச் சபையில் அமர்ந்தது 1890 செப்டம்பர் 23 முதல் 1891 மார்ச் 3 வரை மட்டுமே, அதாவது ஐந்து மாதங்களுக்குச் சற்று அதிகம். வர்ஜீனியா மாநிலத்திலிருந்து அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். அடுத்தவர் அங்கே போய்ச் சேர்ந்தது 1993இல்தான். இரண்டாண்டுப் பதவிக்காலம் ஐந்து மாதங்களாகச் சுருங்கியது எப்படி, அந்த ஐந்து மாதங்களுக்காக ஒரு மனிதர் எத்தனை காலம் போராடினார் என்பதை அவர் வாழ்ந்த ஊர்களிலேயே நின்று எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

பயணத்தை ஒஹையோவின் ஒபர்லினில் தொடங்கினேன். க்ளீவ்லாந்துக்குத் தென்மேற்கே, அறுவடை முடிந்த சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் இது. ஊரின் மையத்தில் டாப்பன் சதுக்கம் என்ற பெரிய புல்வெளியும் அதைச் சுற்றிக் கல்லூரிக் கட்டடங்களும் உள்ளன. 1835 முதலே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி இது. 1844இல் பதினான்கு வயதில் இங்கே வந்து சேர்ந்த லாங்ஸ்டன் 1849இல் பட்டம் பெற்றார். பின்னர் இறையியலிலும் மேற்பட்டம் பெற்றார். அவர் விரும்பியது சட்டம். ஆனால் நியூயார்க்கிலும் சின்சினாட்டியிலும் இருந்த சட்டப் பள்ளிகள் நிறத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்க மறுத்துவிட்டன. பக்கத்து ஊரான எலிரியாவில் ஃபிலிமன் பிளிஸ் என்ற வழக்கறிஞரிடம் உதவியாளராக இருந்தே சட்டம் பயின்றார்.

1854இல் அவரைத் தேர்வு செய்த குழு, அவருடைய சட்ட அறிவில் குறை காணவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரை வழக்கறிஞராகச் சேர்க்கலாமா என்ற கேள்விதான் எழுந்தது. அக்கால ஒஹையோ நீதிமன்றங்கள், உடலில் பாதிக்கு மேல் வெள்ளையர் ரத்தம் உடையவரைச் சட்டத்தின் கண்ணில் வெள்ளையராகவே கொள்ளலாம் என்று தீர்த்திருந்தன. லாங்ஸ்டனின் தந்தை வெள்ளையர். தாய் ஆப்பிரிக்க, அமெரிக்கப் பழங்குடி வழிவந்தவர். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தகுதியால் திறந்திருக்க வேண்டிய கதவை ரத்தக் கணக்கால் திறந்துவிட்ட இந்த அவமதிப்பை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்றே அவருடைய பிற்காலப் பேச்சுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

கிழக்குக் கல்லூரித் தெருவில் 207ஆம் எண்ணுள்ள மர வீட்டின் முன் மாலையில் வெகுநேரம் நின்றேன். 1850களின் நடுவில் அவர் குடியேறிய வீடு இது. இன்று தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் யாரோ ஒருவருடைய குடியிருப்பாகவே இருப்பதால் நடைபாதையோடு நின்றுகொள்வதே முறை. இரண்டு மாடிகள், வெள்ளைப் பலகைச் சுவர்கள், அளவான முகப்பு. ஊரின் வெள்ளையர்கள் வாழ்ந்த தெருவிலேயே வீடு வாங்கி, மனைவி கேரலினுடன் அங்கே குடும்பம் நடத்தியதும் அந்நாளில் ஒரு அரசியல் செயல்தான்.

இந்த வீட்டிலிருந்துதான் 1862இல் அவர் தம்முடைய மிகக் கடினமான வழக்கு ஒன்றை நடத்தினார். எட்மோனியா லூயிஸ் என்ற மாணவி, தன்னோடு தங்கியிருந்த இரண்டு வெள்ளைப் பெண்களுக்குப் பானத்தில் நஞ்சு கலந்து கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டாள். ஒரு கும்பல் அவளைக் கடத்திக்கொண்டுபோய், குளிர்கால வயலில் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. ஊரில் கறுப்பினத்தவரிலேயே சிலர் இந்த வழக்கை எடுக்க வேண்டாம் என்று லாங்ஸ்டனைத் தடுத்தார்கள். அவர் எடுத்தார். அந்தப் பெண்களின் உடலில் நஞ்சு இருந்ததற்கு எந்தப் பரிசோதனைச் சான்றும் அரசுத் தரப்பில் இல்லை. குற்றம் நடந்தது என்பதே நிறுவப்படாதபோது குற்றவாளியைத் தேடுவது எப்படி என்ற ஒரே வாதத்தை அவர் முன்வைத்தார். வழக்கு தள்ளுபடியானது. எட்மோனியா லூயிஸ் பின்னர் ரோமாபுரிக்குப் போய்ப் புகழ்பெற்ற சிற்பியானார்.

இருட்டுவதற்குள் கிழக்கு வைன் தெருப் பூங்காவுக்கு நடந்தேன். அங்கே ஒரு சலவைக்கல் நினைவுத்தூண் இருக்கிறது. 1859இல், அடிமை முறையை ஆயுதமேந்தி ஒழிக்க முயன்ற ஜான் பிரவுனோடு ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கப் போய் உயிரிழந்த ஷீல்ட்ஸ் கிரீன், ஜான் கோப்லண்ட், லூயிஸ் ஷெரிடன் லியரி ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்களுக்கானது அது. மழையும் பனியும் தேய்த்துவிட்ட எழுத்துகள், பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் பிடிபடுகின்றன. லியரியின் மனைவி மேரி பின்னர் லாங்ஸ்டனின் அண்ணன் சார்லசை மணந்தார். அந்தத் தம்பதியின் மகள்வழிப் பேரன்தான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். உலகம் அறிந்த அந்தப் பெயரின் முதல் பாதி, இந்தக் குடும்பப் பெயர்தான்.

திங்கள், பிரவுன்ஹெல்ம் வழியாக

ஒபர்லினுக்கு வடமேற்கே, ஈரி ஏரிக்கரையை ஒட்டிய பிரவுன்ஹெல்ம் ஒரு விவசாயப் பகுதி. நின்று பார்க்க இங்கே அதிகம் இல்லை. கிளைச்சாலைகள், பண்ணைகள், ஏரியிலிருந்து வரும் காற்று அவ்வளவே. 1855 வசந்த காலத்தில் இந்தப் பகுதியின் எழுத்தர் பதவிக்கு லாங்ஸ்டன் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் வாக்களித்துப் பதவிக்கு வந்த முதல் கறுப்பின அமெரிக்கர்களில் ஒருவர் என்ற பெயர் அதனால் அவருக்கு வந்தது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளை விவசாயிகள். வெற்றிச் செய்தியை அவர் உடனே, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் புகழ்பெற்ற கறுப்பினத் தலைவரான ஃப்ரெடரிக் டக்ளசுக்குக் கடிதமாக எழுதினார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே டக்ளஸ் எழுதப்போகும் வேறொரு கடிதத்தைப் பற்றிப் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டும்.

மீதிப் பொழுது முழுவதும் பென்சில்வேனியா மலைகளைக் கடக்கும் நெடுஞ்சாலையில் கழிந்தது. இலைகள் நிறம் மாறும் பருவம். இரவில்தான் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தேன்.

செவ்வாய், வாஷிங்டன்

உள்நாட்டுப் போரின்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54ஆம், 55ஆம் கறுப்பினப் படையணிகளுக்கும் ஒஹையோவின் சொந்தப் படையணிக்கும் ஆள் சேர்த்தவர்களில் லாங்ஸ்டன் முன்னணியில் இருந்தார். போர் முடிந்ததும், விடுவிக்கப்பட்ட மக்களுக்கான அரசுத் துறையின் கல்வி ஆய்வாளராகத் தெற்கு மாநிலங்களெங்கும் சுற்றினார். அதன் பிறகு அவர் வந்து சேர்ந்த இடம் வாஷிங்டனின் வடக்கே உயர்ந்த மேட்டில் இருக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகம்.

ஜார்ஜியா அவென்யூவிலிருந்து மேட்டில் ஏறினால் தெற்கே நகரம் முழுவதும் தெரிகிறது. சட்டப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள மறுத்த மனிதரை இந்தப் பல்கலைக்கழகம் தன்னுடைய சட்டத் துறையை உருவாக்க அழைத்தது. 1869இல் வகுப்புகள் தொடங்கியபோது அவரே அதன் முதல் தலைவர். பகலில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் மாலையில் வந்து படிப்பதற்காக வகுப்புகள் மாலையில் நடந்தன. 1872இல் இங்கே பட்டம் பெற்ற சார்லட் ரே, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர். அதே ஆண்டுகளில் செனட்டர் சார்லஸ் சம்னர் தம் குடியுரிமைச் சட்ட முன்வரைவை எழுதியபோது லாங்ஸ்டனின் துணையை நாடினார். விடுதி, வண்டி, நாடக அரங்கு ஆகியவற்றில் நிறத்தால் ஒருவரை ஒதுக்கக்கூடாது என்ற அந்தச் சட்டம் 1875இல் நிறைவேறி, 1883இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது.

பல்கலைக்கழகத் துணைத் தலைவராகவும் தற்காலிகத் தலைவராகவும் இருந்தவரை நிரந்தரத் தலைவராக்க அறங்காவலர்கள் மறுத்தார்கள். நிறம்தான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். 1875இல் பதவியை விட்டு விலகினார்.

ஹெய்ட்டி நாட்டுக்கு அமெரிக்கத் தூதராக 1877 முதல் 1885 வரை அவர் இருந்த காலத்திலிருந்து ஒன்றே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பின்னால் வரப்போவதற்கு அதுவே முன்னோட்டம். சட்டப்படி அவருடைய ஆண்டுச் சம்பளம் 7,500 டாலர். நாடாளுமன்றம் பின்னாளில் தன் நிதி ஒதுக்கீட்டில் 5,000 டாலர் மட்டும் எழுதியது. மற்றவர்களாக இருந்தால் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். லாங்ஸ்டன் அரசின் மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1886இல் அவர் பக்கமே தீர்ப்பானது. நிதி ஒதுக்கீட்டைக் குறைத்ததால் மட்டும் ஒரு சட்டம் ரத்தாகிவிடாது என்ற அந்தத் தீர்ப்பை அமெரிக்க நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றன. தமக்கு உரியதை எழுத்துமூலம், சான்றோடு, சலிக்காமல் கேட்பவர் அவர். எனக்கு அவர்மீது பெருமதிப்பு ஏற்பட்டதே இந்த வழக்கைப் படித்தபோதுதான்.

புதன், பீட்டர்ஸ்பர்க்

95ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே, ரிச்மண்டைத் தாண்டினால் அப்போமட்டக்ஸ் ஆற்றங்கரையில் பீட்டர்ஸ்பர்க். செங்கல் புகையிலைக் கிடங்குகள், மூடிக்கிடக்கும் கடைகள், அவற்றுக்கிடையே புதுப்பிக்கப்பட்ட சில பழைய வீடுகள். ஆற்றின் மறுகரையில் எட்ரிக் மேட்டின்மீது வர்ஜீனியா அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1882இல் மாநில அரசு கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய இந்தக் கல்வி நிலையத்துக்கு 1885இல் லாங்ஸ்டன் தலைவராக வந்தார். மாநில ஆட்சி ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறி, நிர்வாகக் குழுவும் அவர்கள் வசமானதும் 1887இல் விலகினார். விலகிய மறு ஆண்டே, இந்த ஊரை உள்ளடக்கிய நான்காவது தொகுதியில் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடப்போவதாக அறிவித்தார்.

அந்தத் தொகுதியில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. அவர்களில் ஏறக்குறைய அனைவரும் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள். ஆனால் வர்ஜீனியாவில் அந்தக் கட்சி வில்லியம் மஹோன் என்ற ஒருவருடைய கைக்குள் இருந்தது. மஹோனின் வாழ்க்கை எளிதில் விளங்காதது. 1864இல் இந்த ஊர் எல்லையில் நடந்த, ‘பள்ளச் சண்டை’ என்று அறியப்படும் போரில், அடிமை முறையைக் காக்க நின்ற தெற்குப் படையின் எதிர்த்தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் அவர். சரணடைந்த கறுப்பினச் சிப்பாய்கள் பலர் அன்று கொல்லப்பட்டார்கள். அதே மஹோன் பின்னாளில் கறுப்பின மக்களின் வாக்குகளோடு ஒரு கூட்டணி அமைத்து மாநில ஆட்சியைப் பிடித்தார். வாக்குரிமை வரியையும் சவுக்கடித் தண்டனையையும் ஒழித்தார். எட்ரிக் மேட்டுக் கல்வி நிலையமே அந்தக் கூட்டணி ஆட்சியில் பிறந்ததுதான். கறுப்பினத்தவரின் வாக்கு அவருக்கு வேண்டும். கறுப்பினத்தவர் ஒருவர் தம் அனுமதி இல்லாமல் வேட்பாளராவதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை.

கட்சியின் சார்பில் ஆர்னால்டு என்ற வெள்ளையரை மஹோன் நிறுத்தினார். லாங்ஸ்டன் தனித்து நின்றார். அப்போதுதான் ஃப்ரெடரிக் டக்ளசின் அந்த இன்னொரு கடிதம் வந்தது. கட்சியைப் பிளக்கும் இந்த வேட்பாளருக்கு ஆதரவு தர வேண்டாம் என்று டக்ளஸ் எழுதியதை மஹோனின் ஆட்கள் தொகுதியெங்கும் பரப்பினார்கள். டக்ளசுக்கும் லாங்ஸ்டனுக்கும் பல ஆண்டுப் புகைச்சல் இருந்தது உண்மை. டக்ளசின்மீது எனக்குள்ள மதிப்பும் பெரிது. ஆனாலும் அந்தக் கடிதத்தில் அவர் தவறான பக்கம் நின்றார் என்றே சொல்வேன். கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதியில் கறுப்பினத்தவர் நிற்கக் கூடாது என்றால் வேறெங்கே நிற்பது?

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் எட்வர்டு வெனபிள், இந்த ஊரின் புகையிலை உற்பத்தியாளர். 1888 நவம்பர் 6ஆம் நாள் வாக்குப்பதிவு. ரகசிய வாக்குச்சீட்டு அப்போது வர்ஜீனியாவில் கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பெயரை அச்சிட்ட சீட்டைத் தன் ஆதரவாளர்களிடம் கொடுக்கும்; அதை எல்லோர் கண்ணெதிரிலும் கொண்டுபோய்ப் பெட்டியில் போட வேண்டும். பீட்டர்ஸ்பர்க் வாக்குச்சாவடிகளில் வெள்ளையருக்கு ஒரு வரிசை, கறுப்பினத்தவருக்கு ஒரு வரிசை. ஒரு வரிசை சரசரவென்று நகர்ந்தது. மற்ற வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் நிறுத்தி, பெயர், வயது, வசிப்பிடம் என்று தேவையற்ற கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு நேரத்தைக் கடத்தினார்கள். பொழுது சாய்ந்து வாக்குச்சாவடி மூடியபோதும் அந்த வரிசை தெருவில் நீண்டு நின்றது. அறிவிக்கப்பட்ட முடிவு: வெனபிள் 13,298, லாங்ஸ்டன் 12,657, ஆர்னால்டு 3,207. வித்தியாசம் 641 வாக்குகள்.

லாங்ஸ்டன் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார் என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. எந்தச் சாவடியில் யார் யார் தம் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அவருடைய ஆட்கள் பட்டியல் வைத்திருந்தார்கள். எத்தனை பேர் வாக்களித்தார்கள், பெட்டியில் எத்தனை சீட்டு இருந்தது, எத்தனை பேர் வாக்களிக்க முடியாமல் திரும்பினார்கள் என்பதை ஒப்பிட்டுக் காட்டச் சாட்சிகள் இருந்தார்கள். ஊரில் அத்தனை மிரட்டலுக்கு நடுவே தங்கள் பெயரைச் சொல்லிச் சாட்சியம் அளித்த அந்த எளிய மனிதர்கள் இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

மாலையில் தெற்கு சிக்கமோர் தெருவில் மஹோன் வாழ்ந்த மாளிகையைப் பார்த்தேன். 1920களில் அது ஊர்ப் பொது நூலகமாக ஆக்கப்பட்டது; கறுப்பினத்தவர் மட்டும் பக்கவாட்டு வாசல் வழியாகக் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. 1960இல் கறுப்பின மாணவர்களும் போதகர்களும் முன்வாசல் வழியாக நுழைந்து வாசிப்பறையில் உட்கார்ந்து போராடினார்கள். நூலகம் இப்போது வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. அந்த முன்வாசல் படிகளையும் பக்கவாட்டு வழியையும் பார்த்தபடி நின்றபோது, 1888இன் இரண்டு வரிசைகளைப் பற்றி மேலும் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

வியாழன், ஃபார்ம்வில்

460ஆம் சாலையில் மேற்கே போனால் அந்தப் பழைய தொகுதியின் குறுக்கே போகலாம். டின்விடி, நாட்டவே, பிரின்ஸ் எட்வர்டு என்று மாவட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பைன் காடுகளும், ஆங்காங்கே சாய்ந்து நிற்கும் பழைய புகையிலைக் கொட்டகைகளும் வழியெங்கும் உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் லாங்ஸ்டன் இந்த ஊர்களில் தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பேசினார்.

பிரின்ஸ் எட்வர்டின் தலைநகரான ஃபார்ம்வில்லில் மோட்டன் உயர்நிலைப் பள்ளி இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. 1951இல் பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் இதன் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். நிறத்தால் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளில் அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த வழக்கும் ஒன்று. பள்ளிகளை ஒன்றுசேர்ப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை மாவட்டத்தின் எல்லாப் பொதுப் பள்ளிகளையும் நிர்வாகம் மூடி வைத்தது. அந்த நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கவோ விரட்டவோ கறுப்பின மக்களுக்குப் போதிய வாக்கு இல்லை. 1902இல் எழுதப்பட்ட மாநில அரசமைப்பு வாக்குரிமை வரி விதித்து அவர்களைப் பட்டியலிலிருந்து பெருமளவில் நீக்கிவிட்டிருந்தது. லாங்ஸ்டன் எதற்காக அத்தனை பிடிவாதம் பிடித்தார் என்பதற்கு இந்தப் பள்ளிக் கட்டடத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வியாழன் மாலை, லூயிசா

வடக்கே திரும்பி, ஜேம்ஸ் ஆற்றைக் கடந்து லூயிசாவுக்கு வந்தேன். செம்மண் மேடுகளும் மேய்ச்சல் நிலங்களும் கொண்ட மாவட்டம். 1829 டிசம்பர் 14இல் லாங்ஸ்டன் பிறந்தது இங்கேதான். தந்தை ரால்ஃப் குவார்ல்ஸ் ஒரு வெள்ளைத் தோட்ட முதலாளி. தாய் லூசி ஜேன் லாங்ஸ்டன் ஒரு காலத்தில் அவருடைய அடிமையாக இருந்து, 1806இல் அவராலேயே விடுவிக்கப்பட்டவர். அவர்களுக்கு மூன்று மகன்கள்: கிடியன், சார்லஸ், ஜான். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வதை வர்ஜீனியா சட்டம் தடை செய்திருந்தது. அந்தத் தடை 1967 வரை நீடித்தது. குழந்தைகள் தாயின் பெயரையே ஏற்றார்கள்.

1834இல் தந்தையும் தாயும் அடுத்தடுத்து இறந்தார்கள். லூசியின் விருப்பப்படி குவார்ல்சின் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். சொத்தில் பெரும்பகுதியைக் குவார்ல்ஸ் தம் மகன்களுக்கு எழுதிவைத்திருந்தார். நான்கு வயது ஜானை, தந்தையின் நண்பர் வில்லியம் கூச் ஒஹையோவின் சில்லிக்கோத்தில் தம் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தார். கூச் குடும்பம் அடிமை முறை நிலவிய மிசூரிக்குக் குடிபெயர முற்பட்டபோது, ஜானின் தாய்வழி அண்ணன் வில்லியம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்தார். அங்கே போனால் சிறுவனின் சுதந்திரத்துக்கும் சொத்துக்கும் பாதுகாப்பில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. அன்புகாட்டி வளர்த்தவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டதே அவரைக் காப்பாற்றியது. ஒன்பது வயதில் கண்டது ஒரு நீதிமன்றம். அதன் பின் அவர் ஒருபோதும் நீதிமன்றத்தை விட்டு விலகி இருந்ததில்லை.

வெள்ளி, மீண்டும் வாஷிங்டன்

நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவர், வரவேற்புக் கூடத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பிரதிநிதிகள் சபையின் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கைப்பேசி, பை அனைத்தையும் வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். சபை கூடாத நாள் என்பதால் மாடத்தில் சிலரே இருந்தோம். கீழே அரைவட்ட அரைவட்டமாகப் பழுப்புத் தோல் இருக்கைகள். 1857 முதல் சபை கூடும் மண்டபம் இதுதான். லாங்ஸ்டன் காலத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனி மேசை இருந்தது. 1913இல்தான் அவற்றை எடுத்துவிட்டு நீள் இருக்கைகள் போட்டார்கள்.

நம் நாட்டில் தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அமெரிக்க அரசமைப்பின்படி, ஓர் உறுப்பினரின் தேர்வு செல்லுமா என்பதை அந்தச் சபையே தீர்மானிக்கிறது. ஆகவே லாங்ஸ்டன் தம் பட்டியல்களோடும் சாட்சியங்களோடும் வந்து நின்றது இந்த மண்டபத்தின் முன். 1889 டிசம்பரில் சபை கூடியபோது வெனபிள் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். விசாரணைக் குழு 1890 கோடையில் லாங்ஸ்டனே வென்றார் என்று அறிக்கை தந்தது. அதன் பிறகும் மாதக்கணக்கில் விவாதத்துக்கு எடுக்கவில்லை. குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை மிக மெலிந்தது. ஜனநாயகக் கட்சியினர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சபை முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை எட்டாதபடி, அவர்கள் வழக்கமாகச் சபையில் இருந்துகொண்டே வாக்களிக்காமல் இருப்பார்கள். அந்த ஆண்டு சபாநாயகர் தாமஸ் ரீட், கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவர் வாக்களிக்காவிட்டாலும் அவரை அந்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வேன் என்று விதியை மாற்றிவிட்டார். எனவே லாங்ஸ்டன் பெயர் எடுக்கப்படும்போதெல்லாம் அவர்கள் எழுந்து மண்டபத்தைவிட்டே வெளியேறினார்கள்.

செப்டம்பர் 23இல் ஒருவழியாக வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு. ஜனநாயகக் கட்சியின் பக்கம் ஏறக்குறைய முழுவதும் காலியாக இருந்தது. வாக்குப்பதிவு நடந்து இரண்டாண்டு ஆகச் சில வாரங்களே இருந்த நிலையில் லாங்ஸ்டன் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். மறுநாள் தென் கரோலினாவின் தாமஸ் மில்லரும் இதே வழியில் தம் இடத்தைப் பெற்றார். வட கரோலினாவின் ஹென்றி சீட்டம் ஏற்கெனவே இருந்தார். மூன்று கறுப்பின உறுப்பினர்கள். அக்டோபர் முதல் நாளில் கூட்டத்தொடர் முடிந்தது. நவம்பர் 4இல் அடுத்த தேர்தல். உட்கார்ந்த சூடு ஆறுமுன் தொகுதிக்கு ஓடியவர், ஜேம்ஸ் எப்சிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. மோசடி என்று அவர் நம்பினாலும், அடுத்த சபையில் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை என்பதால் முறையிட்டுப் பயனில்லை.

மீதமிருந்தது குளிர்காலக் கூட்டத்தொடர் மட்டும். தோற்ற உறுப்பினராகவே அவர் வேலை செய்தார். கறுப்பின மாணவர்களுக்குத் தேசியத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் ஒன்றை அமைக்க முன்மொழிந்தார். 1891 ஜனவரி 16இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கக் கோரி நீண்ட உரை ஆற்றினார். கூட்டாட்சித் தேர்தல்களைக் கண்காணிக்கும் மசோதா, முந்தைய ஜூலையில் இந்தச் சபையில் 155க்கு 149 என்ற கணக்கில் நிறைவேறி, அந்த ஜனவரியில்தான் செனட்டில் கைவிடப்பட்டுக்கொண்டிருந்தது. அவருடைய இன்னொரு முன்மொழிவு எனக்கு உடன்பாடற்றது: எல்லா வாக்காளருக்கும் எழுத்தறிவுத் தேர்வு, வாக்காளர் எண்ணிக்கைக்கேற்ப மாநிலத்துக்கு இடங்கள் என்று அரசமைப்பைத் திருத்தக் கோரினார். இரு இனத்துக்கும் ஒரே அளவுகோல் இருந்தால் கறுப்பினத்தவர் படித்து முன்னேறுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அளவுகோல் யார் கையில் இருக்கும் என்பதைப் பீட்டர்ஸ்பர்க் வரிசையில் கண்டவரே இப்படி நம்பியது எனக்கு வருத்தமளிக்கிறது. அவருடைய மசோதாக்கள் அனைத்தும் குழுக்களிலேயே நின்றுபோயின.

பிற்பகலில் பேருந்தேறிப் பென்னிங் சாலைக்குப் போனேன். அவர் பெயர் தாங்கிய லாங்ஸ்டன் டெரஸ் குடியிருப்பு அங்கே இருக்கிறது. ஹில்யர்டு ராபின்சன் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, கூட்டரசின் நிதியில் 1938இல் முடிந்த பொதுக் குடியிருப்பு. உள்முற்றத்தைச் சுற்றியுள்ள சுடுமண் புடைப்புச் சிற்பங்களில் ஏர் உழுபவர்களும் குழந்தையை அணைத்த தாய்மாரும் இருக்கிறார்கள். முற்றத்தில் சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதே சாலையில் இன்னும் தொலைவில் உட்லான் இடுகாடு. 1897 நவம்பர் 15இல் ஹோவர்டுக்கு அருகே தம் வீட்டில் இறந்த லாங்ஸ்டனின் உடல் முதலில் வேறோர் இடுகாட்டில் இருந்து, பின்னர் இங்கே மாற்றப்பட்டது. போட்டோமாக் ஆற்றுக்கு அப்பால் ஆர்லிங்டனில், தெற்குப் படைத் தளபதி லீயின் பெயரில் இருந்த நெடுஞ்சாலைக்கு 2021இல் லாங்ஸ்டன் பெயரைச் சூட்டினார்கள்.

அவருடைய கடிதங்களும் ஆவணங்களும் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மகள் நெட்டி அந்த ஊரில் ஜேம்ஸ் நேப்பியர் என்ற வங்கியாளரை மணந்து வாழ்ந்ததால் அவை அங்கே போய்ச் சேர்ந்தன. சாட்சிகளின் பட்டியலில் ஏதேனும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க அடுத்த விடுமுறையில் நாஷ்வில் போவதாக இருக்கிறேன். நூலகத்துக்கு இன்று இரவே எழுதிக் கேட்டிருக்கிறேன்.